கம்பி ரெண்டு குறைவு

சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில்
பழைய ஜப்பான் சாமான் விற்கிற உதுமாங்கண்டின் கடை.
சோற்றுக் குக்கர்களுக்கும் குழந்தைச் சைக்கிள்களுக்கும் நடுவே
சாத்தி வைத்திருந்தது:
சாயத்தண்ணி நிறம், மார்பில் ஒரு கீறல்,
கழுத்து மட்டும் ஏதோ நினைத்து நீண்டுவிட்டதுபோல.

"கிட்டார் மன. கம்பி ரெண்டு அறுந்து போயிட்டு.
கம்பிக்கு ரெண்டாயிரம் வீதம்
நாலாயிரம் கழிச்சுத் தாறன்."

பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
மின்சார சபையில் மீட்டர் வாசிப்பவன் நான்.
குறைத்துக் காட்டும் மீட்டரை
எந்த வீட்டிலும் மன்னித்ததில்லை.
வாயை மூடிக்கொண்டு காசை எண்ணினேன்.

மதிவதனியின் சங்கிலிக்கென்று
ஆரையம்பதி அடகுக் கடைக்குப் போகவிருந்த காசு.
"மீட்டாச்சா?" என்றாள், வெங்காயம் வெட்டியபடி.
"மீட்டியாச்சு" என்றேன்.
ஓர் எழுத்துத்தான் கூட.
வெங்காயம் வெட்டும் சத்தம் கொஞ்சம் நின்று
மறுகா தொடர்ந்தது.

இரவு, கழுத்து உடலோடு சேருமிடத்தில்
பழைய பில் ஒன்றைச் செருகிப் பார்த்தேன்.
கடுதாசி நுழையவில்லை.
என்னிடம் முன்பிருந்தது
கலியாணத்துக்கு ஒரு விரல்நுனி கேட்கும்;
இதிலோ ஒவ்வொரு கட்டையின் ஓரத்தையும்
யாரோ அராவி, விரலால் தடவி,
திருப்தி வராமல் மறுபடியும் அராவியிருக்கிறார்.
எங்கள் வீட்டுக் கதவு மூன்று மாரிக்கே கோணிப்போனது.
இந்தக் கழுத்தில் ஒற்றைக் கண் வைத்துப் பார்த்தால்
கல்லடிப் பாலத்தைவிட நேர்.

நாலு திருகாணியையும் கழற்றினேன்.
ஒன்றும் தலை தேய்ந்திருக்கவில்லை.
கழுத்தின் அடியில், வெளிச்சமே படாத மரத்தில்
பென்சிலால்: 58.

எங்கள் ட்ரம்ஸ்காரன் றாகல், டச்பார் ஆள்,
கப்பலில் யோக்கோஹாமா போய் வந்தவன், சொன்னான்:
"அது அவங்கட ராசாவின்ர வருசம். இருபத்தஞ்சைக் கூட்டு."
கூட்டினேன்.
எண்பத்து மூன்று.

அந்த வருசம்
ஒரு மனிதனுக்கு மேசை இருந்திருக்கிறது.
மேசை விளக்கு இருந்திருக்கிறது.
பாதியில் விட்ட அராவலை
நாளைக்கு வந்து முடிக்கலாம் என்றுகூட
இருந்திருக்கிறது.
திருகாணிகளைத் திரும்ப முடுக்கினேன்.
வேறெதையும் கூட்டிப் பார்க்கவில்லை.

பகலில் ட்ரான்ஸ்போமரின் கீழ் நிற்கும்போது
அதன் இரைச்சல் கேட்கிறது:
தடித்த கம்பியின் மூன்றாம் கட்டைக்கு
ஒரு மயிரிழை மேலே.
இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்வதில்லை.

கல்லடி மண்டபத்தில் கலியாணம்.
பெண்ணின் மாமா வந்து என் காதில் கத்தினார்:
"தம்பி, உங்கட கிட்டார் மட்டும் கேக்குதில்ல!"
பைலா நடுவில் கையை எடுத்தேன்.
பாட்டு இருந்தது, ட்ரம்ஸ் இருந்தது.
மாமா கால் வைக்க இடம் தேடித்
தரையைப் பார்த்தார்.
திரும்பத் தொட்டேன்.
தரை வந்தது.

அடுத்த மாசம் நாலாயிரத்தோடு சாய்ந்தமருதுக்குப் போனேன்.
"காக்கா, அதுக்கு நாலு கம்பிதான்."
செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.
"முறுக்காணி நாலு, ஓட்டை நாலு.
எண்ணத் தெரியாமலா மன கடை வச்சிருக்கன்?
கழிக்கிற நாலாயிரத்தை
முதல்லயே கூட்டித்தான் சொன்ன."
பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்து
ரெண்டாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்,
என் மனம் நோகக் கூடாதாம்.

மிச்சம் வட்டிக்குப் போனது.
மதிவதனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்:
சங்கிலியை மீட்க
இன்னும் ஏழு கலியாணம்
மீட்ட வேண்டும்.